வைத்ததும் திருப்பியதும்

அந்தப் பெண் மோதிரத்தைக் கழற்றப் பட்ட பாடுதான் என்னைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்தது. விரல் தடித்திருந்தது, மோதிரம் கணுவைத் தாண்டி வரவில்லை. விரலை வாயில் வைத்து ஈரமாக்கித் திருகித் திருகி இழுத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர் அதை வாங்கித் தராசில் போட்டுக்கொண்டே, "விற்கிறீர்களா, அடகு வைக்கிறீர்களா?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "விற்கிறேன்." பணத்தை எண்ணி வாங்கிப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, பிறகு திருப்பிக்கொள்ளலாமே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கேட்க வீட்டில் யாரும் இல்லை. அது 2012 டிசம்பர். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்கு மேற்கே காண்டன் என்ற ஊரில் குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவர் கார் உதிரிபாகங்களை வடிவமைக்கும் வேலைக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகு வருவார். அவருடைய விசாவைச் சார்ந்து வந்த எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் இறங்குவதுதான் பனி என்று இருபத்தாறு வயது வரை நம்பியிருந்தவள் நான். இங்கே பனி முழங்கால் உயரத்துக்கு வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. தொலைக்காட்சிதான் துணை.

அந்த நிகழ்ச்சிக்கு 'ஹார்ட்கோர் பான்' என்று பெயர். ட்ரூ டிவியில் 2010இல் தொடங்கி 2015 வரை ஓடியது. கடை டெட்ராய்டில் கிரீன்ஃபீல்டு சாலையில், எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். முதலாளி லெஸ் கோல்ட், தாத்தா காலத்திலிருந்து அடகுத் தொழில் செய்யும் குடும்பத்தில் வந்தவர். மகன் சேத், மகள் ஆஷ்லி, அப்பா மூவரும் கடையில் நிற்பார்கள். லாஸ் வேகஸில் இதேபோல் தாத்தா, மகன், பேரன் நடத்தும் கடையைப் பற்றி 'பான் ஸ்டார்ஸ்' என்று 2009 முதல் இன்னொரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அங்கே பழைய துப்பாக்கியும் நாணயமும் வரும். விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டு வரலாறு கேட்பார்கள். அது பொருட்காட்சி பார்ப்பதுபோல் இருக்கும். டெட்ராய்ட் கடைக்கு வருகிறவர்கள் வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் வருகிறவர்கள். எனக்கு மனம் ஒட்டியது இங்கேதான்.

முதலில் ஒட்டியது கூடப்பிறந்த அந்த இருவரின் சண்டை. யார் பேச்சுக் கடையில் செல்லும் என்று சேத்தும் ஆஷ்லியும் மோதுவார்கள். அப்பா நடுவில் நின்று ஒரு நாள் இவனை அதட்டுவார், மறுநாள் அவளை. எங்கள் பெரியப்பாவின் உரக்கடையை அப்படியே பார்ப்பதுபோல் இருந்தது. கல்லாவில் யார் உட்காருவது என்று பெரிய அண்ணனும் சின்ன அண்ணனும் வாரக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். ஆனால் மதியம் பெரியம்மா அனுப்பும் அடுக்குப் பாத்திரம் ஒன்றுதான். பேசாமலேயே ஒருவர் சோற்றை எடுக்க, மற்றவர் குழம்புத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவார். ஆஷ்லி கோபித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே போகும்போதெல்லாம், இந்தப் பெண்ணுக்கு இன்று மதியச் சாப்பாடு என்னவாகும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சிரித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கியவளுக்குக் கொஞ்ச நாளில் மனத்தில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. இந்தக் கடையில் யாரும் பொருளைத் திருப்பிக்கொண்டு போவதை நான் பார்க்கவில்லையே? விற்கிறார்கள், பேரம் படியாமல் திட்டுகிறார்கள், காவலுக்கு நிற்கும் ஆஜானுபாகுவான ஆட்கள் அவர்களை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சீட்டோடு வருகிற ஒன்றிரண்டு பேரும் கெடு தாண்டி வந்து, பொருள் கைமாறிவிட்டது என்று தெரிந்து கத்துகிறவர்களாகவே இருந்தார்கள். அசலையும் வட்டியையும் கட்டிவிட்டு, பொருளை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படியிறங்கும் ஒரு முகத்தைக் காட்டக் கூடாதா? அடகுக்கடை என்றால் அந்த முகம்தானே! அதைக் காட்டாமல் அடகுக்கடையைக் காட்டுவது, பெண்ணை அனுப்பி வைப்பதை மட்டும் காட்டிவிட்டு அவள் தலைப்பிரசவத்துக்கு வீடு திரும்புவதைக் காட்டாமல் விடுவது போன்றது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது.

நம் வீடுகளில் 'அடகு' என்ற சொல்லை யார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? "வளையல் பேங்கில் இருக்கிறது" என்பார்கள். "சங்கிலியை வைத்திருக்கிறது" என்பார்கள். அம்மாவுக்கு இரண்டு நெளி வளையல், பாட்டி வழியில் வந்த நான்கு பவுன் இரட்டைவடச் சங்கிலி. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணமும் நாற்றங்கால் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போகும். அங்கே வட்டி குறைவு; ஆனால் கூட்டமும் தாமதமும் அதிகம். அவசரம் என்றால் சங்கிலி கடைத்தெருவில் சேட்டுக் கடைக்குப் போகும். சம்பா அறுத்துத் தை மாதம் நெல் போட்ட காசு வந்ததும் இரண்டும் வீட்டுக்கு வரும். வருடத்தில் பாதி நாள் அம்மாவின் கை கண்ணாடி வளையலோடு இருந்ததால், தங்க வளையல் தை மாதத்துக்கு உரியது, கரும்புபோல, மஞ்சள் கொத்துபோல என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

திருப்பப் போகிற நாளில் அம்மா என்னையும் அழைத்துப் போவார். முருகன் படத்துக்குப் பின்னால் நான்காக மடித்து வைத்த சீட்டை எடுத்து, விபூதியைத் தட்டிவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். கடையில் சேட்டு சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டைப் புரட்டி, எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். அவர் திரும்பி வருவதற்குள் அம்மா மூன்று முறை முந்தானையைச் சரிசெய்துகொள்வார். காகிதப் பொட்டலம் பிரியும். சங்கிலியின் கொக்கியில் நூல் கட்டி எண் எழுதிய அட்டைத் துண்டு தொங்கும். வீட்டுக்குப் போய்ச் சாமி முன்னால் வைத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்கிற அம்மா, அங்கேயே அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொள்வார். "சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்பார் சேட்டு. அட்டைத் துண்டு எனக்கு. அதை வைத்துப் பஸ்ஸில் டிக்கெட் விளையாட்டு விளையாடிக்கொண்டு வருவேன்.

ஒரே ஒரு வருடம் தண்ணீர் வராமல் சம்பா பொய்த்தது. வளையல் இரண்டும் மூழ்கிவிட்டன. பொருள் கெடு தாண்டி ஏலத்துக்குப் போவதற்கு நம் ஊரில் அந்தச் சொல்தானே! ஆற்றில் ஆள் போனதற்கும் அதே சொல். அன்று இரவு அம்மா சமைத்தார், பரிமாறினார், சாப்பிடவில்லை.

2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் நகரமே திவால் அறிவிப்புக்கு மனுச் செய்தது. ஏறக்குறைய 1,800 கோடி டாலர் கடன். அதற்குள் ஊர் எனக்குப் பழகியிருந்தது. பாண்டியாக்கில் பராசக்தி கோயிலும் நோவையில் பெருமாள் கோயிலும் இருக்க, நமக்கு என்ன குறை என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொல்வேன். சொல்லி முடித்த கையோடு, கொல்லையில் முருங்கை காய்த்திருக்கிறதா என்று கேட்பேன். அந்த நாள்களில் செய்திகளில் ஒன்றே ஒன்று என்னை அலைக்கழித்தது. டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கும் ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றார்கள் கடன் கொடுத்தவர்கள். நகரத்தின் பணத்தில் வாங்கிய ஏறக்குறைய 2,800 பொருள்களுக்கு கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தார் வந்து விலை போட்டார்கள்.

எங்கள் வேன் கவுண்டி என்ற மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கலைக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். 1932, 33ஆம் ஆண்டுகளில் டியேகோ ரிவேரா நான்கு சுவரிலும் தீட்டிய தொழிற்சாலை ஓவியங்களில் வளைந்து நிமிர்ந்து வேலை செய்யும் ஆட்களைக் கணவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொழில் அல்லவா! நான் புரூகல் வரைந்த 'திருமண நடனம்' முன்னால் நின்றுவிட்டேன். நாட்டுப்புறக் கல்யாணம். இடித்துக்கொண்டு ஆடும் ஆண்களும் பெண்களும். நானூறு ஆண்டுக்கு மேல் பழையது. பத்து கோடியிலிருந்து இருபது கோடி டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு முதிய கறுப்பினப் பெண்மணி, தன் அம்மா சின்ன வயதில் தன்னை அங்கே அழைத்துவந்து இதே படத்தைக் காட்டியதாக என்னிடம் சொன்னார். பிறகு, "இதை விற்க விடமாட்டார்கள், இல்லையா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத என்னிடம் கேட்டார். பாட்டி நகையைப் பற்றிக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

அப்போது என் கழுத்தில் அம்மாவின் சங்கிலி இல்லை. கணவர் பார்த்துவந்த திட்டம் அக்டோபரில் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை சம்பளம் நின்றிருந்தது. இரண்டு மாத வாடகை. ஊரில் யாரிடமும் கேட்க மனம் வரவில்லை. கல்யாணத்தில் அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றி எனக்குப் போட்ட இரட்டைவடத்தை எடுத்துக்கொண்டு போனேன். தொலைக்காட்சியில் வரும் கடைக்கு அல்ல. எங்கள் குடியிருப்பிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு சிறிய கடை. அங்கிருந்தவர் உரைத்துப் பார்த்து இருபத்திரண்டு காரட் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவு மஞ்சளான தங்கத்தை இங்கே யாரும் அணியமாட்டார்கள் என்றும், உருக்கினால் என்ன கிடைக்குமோ அதை வைத்துத்தான் கணக்கு என்றும் சொன்னார். பாட்டி அணிந்து தேய்ந்த கண்ணிகள் அவை. உருக்கினால் என்ற சொல் வயிற்றில் விழுந்தது. விற்கிறீர்களா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "வைக்கிறேன்" என்றேன்.

அறுநூறு டாலர். மிச்சிகனில் அடகுக்கடைகளுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடக்கிறது. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, மூன்று மாதக் கெடு. அதுவரை எல்லாம் தெரிந்த கதைதான். பிறகு மைப்பெட்டியை நகர்த்தி, வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். எங்கள் தாத்தா கைநாட்டு வைத்தவர். அந்தக் கைநாட்டு நம் வீட்டில் இனி வேண்டாம் என்றுதான் அம்மா வளையலை வைத்து வைத்து என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தார். விரலை மையில் வைத்தபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்து பனியில் விரலைத் தேய்த்தேன். மை முழுவதும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். அம்மா எப்போதும்போல் என்ன சமையல், மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா என்றெல்லாம் கேட்டார். முடிக்கும் நேரத்தில், குரலை மட்டும் தாழ்த்தி, "கெடு எப்போது?" என்றார்.

"பிப்ரவரி" என்றேன். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜனவரியில் சம்பளம் வந்தது. ஊரில் தை பிறந்த நான்காம் நாள். அசல், வட்டி, வைப்புக் கட்டணம் எல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு போனேன். கடையில் வேறொரு பையன் இருந்தான். சீட்டை வாங்கிப் பார்த்து, உள்ளே போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து தள்ளினான். "அடுத்தவர்" என்றான். சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவனுக்கு யார் கற்றுக்கொடுத்திருக்கப் போகிறார்கள்! படம் பிடிப்பவர் யாரும் அங்கே இல்லை. இருந்திருந்தால் நல்லது, நான் காட்டத் தயாராக இருந்தேன்.

காரில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். கொக்கியில் நூல் கட்டி, அதில் எண் எழுதிய சின்ன அட்டை தொங்கியது. அதே நூல், அதே முடிச்சு. கத்தரிக்கோல் வீட்டில் இருந்தது. பல்லால் கடித்து அறுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சங்கிலி பனிக்கட்டிபோல் சில்லென்று இறங்கி, மெல்ல மெல்ல உடம்புச் சூட்டுக்கு வந்தது.

கலைக்கூடத்தின் ஓவியங்களும் விற்கப்படவில்லை. அறக்கட்டளைகளும் மாநில அரசும் கொடையாளர்களுமாகச் சேர்ந்து எண்பது கோடி டாலருக்கு மேல் தர முன்வந்தார்கள். 2014 டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து மீண்டது. செய்தியைப் படித்த அன்று அந்த முதிய பெண்மணியைத் தேடிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சங்கிலியைத் திருப்பிய அன்று கடை வாசலில் காரிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே நடுநிசி. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"திருப்பிவிட்டேன் அம்மா."

"நல்லது. வீட்டுக்குப் போய்ப் பாலில் கழுவிச் சாமி முன்னால் வைத்துவிட்டுப் போட்டுக்கொள்" என்றார்.

"சரி அம்மா" என்றேன், சங்கிலியைப் பிடித்துக்கொண்டே.