கதியாலில கவிழ்த்து வைச்ச பேணி

கணக்குச் சேர் மோசம் போயிட்டார் எண்டு வட்ஸ்அப்பில பாத்தாப்பிறகு இஞ்ச ஸ்காபரோவில கார் பார்க்கிங்கில கனநேரம் அப்பிடியே இருந்திட்டன். எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து "அண்ணை, சேரைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும், உங்களுக்கெல்லோ அவர் கூடச் செய்தவர்" எண்டார். உண்மைதான். பெத்ததுகளுக்குப் பிறகு அவரை மாதிரி எனக்கு ஒருத்தரும் செய்யேல்லை. அதாலதான் ஒண்டையும் மறைக்காமல் எழுதுறன், கோவிக்காதேங்கோ.

1968. டிசம்பரில ஓ.எல். (க.பொ.த. சாதாரணதர) சோதினை. பின்னேரம் நாலரைக்கு சேர் வீட்டு டியூசன் ஒருத்தருக்கும் மறந்திராது. நீங்கள் எல்லாரும் காசு குடுத்துப் படிச்சனீங்கள், என்னட்ட அவர் ஒரு சதம் வாங்கேல்லை. "உன்ர அப்பு பனை ஏறி உழைக்கிற காசு எனக்கு வேண்டாம், கணக்குக்கு டி எடுத்துக் காட்டு, அது காணும்" எண்டவர். டி எண்டால் டிஸ்டிங்ஷன், அதுதான் அப்ப ஆகக் கூடின சித்தி. அம்மா அவரை நயினார் எண்டுதான் கூப்பிடுவா, நான் சேர் எண்டு சொல்லுறதே அவவுக்குப் பயம்.

நீங்கள் ஹோலுக்குள்ள மேசையைச் சுத்தி இருந்தனீங்கள். நான் விறாந்தைப் படியில. யன்னலுக்குள்ளால பாத்தால் கரும்பலகையில வலப்பக்கம் எனக்குத் தெரியாது. சேருக்கு அது விளங்கியிருக்கவேணும், ஏனெண்டால் முக்கியமான சமன்பாடெல்லாம் இடப்பக்கத்திலதான் எழுதுவார், எழுதிப்போட்டு யன்னலுக்கு நேர நிக்காமல் விலத்தி நிப்பார். அந்த மனுசன் எனக்காக விலத்தி நிண்டதை நினைச்சால் இப்பவும் கண் கலங்குது, ஆனா உள்ள வந்து இரு எண்டு ஒருநாளும் சொல்லேல்லை.

ஐஞ்சரைக்குத் தேத்தண்ணி வரும். உங்களுக்குக் கிளாசில. எனக்கொரு பழைய பால்பேணி, வேலிக் கதியாலில கவிழ்த்துக் கிடக்கும், நான்தான் எடுத்துக்கொண்டு வந்து நீட்டவேணும், முட்டாமல் மேல இருந்து ஊத்துவினம், குடிச்சு முடிய நான்தான் கழுவித் திரும்பக் கவிழ்க்கவேணும். பேணி விளிம்பெல்லாம் கறள். உங்களில ஒருத்தராவது அதைப் பாக்கேல்லை எண்டு சொல்லுவீங்களோ?

சாதியைச் சொல்லிப் பொது இடங்களில ஆக்களைத் தடுக்கிறதைக் குற்றமாக்கின சமூகக் குறைபாட்டு ஒழிப்புச் சட்டம் 1957லேயே வந்திட்டுது. கடைக்கும் கோயிலுக்கும் சட்டம் இருந்தது, சேர் வீட்டு விறாந்தைக்கு எந்தச் சட்டம்? அந்தச் சட்டத்தைக் கடையிலயும் கோயிலிலயும் நடைமுறைப்படுத்தவே எங்கட சனம் அடிவாங்கவேண்டி வந்தது. 1966 ஒக்டோபர் 21, சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்தில அப்புவும் நடந்தவர், பொலிஸ் அடிச்ச தழும்பு தோள்மூட்டில கடைசிவரை இருந்தது.

1968 யூலையில மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழாவில ஆலயப் பிரவேசச் சத்தியாக்கிரகம். அப்பு அங்க போய் இருந்தவர். கோயிலுக்குள்ள விடமாட்டன் எண்டு முன்னுக்கு நிண்டது சுந்தரலிங்கம், முந்தி கொழும்பில கணக்குப் பேராசிரியர், மந்திரியாவும் இருந்தவர், அவரைப்போல மூளைசாலி இல்லை எண்டு சேர் எங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார். பிறகு கோட்டில அவருக்குத் தண்டம் அடிச்சாங்கள். சேர் அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை, ஆனா ஒருநாள் டியூசன் முடிய என்னை மறிச்சு "சோதினை முடியுமட்டும் அந்தப் பக்கம் போகாத, பொலிஸ் பிடிச்சால் உன்ர படிப்புப் போச்சு" எண்டார். அப்பு "அங்க கொஞ்சம் தண்ணியாவது கொண்டந்து தா மோனை" எண்டு கேட்டவர். நான் போகேல்லை. படியில இருந்து கணக்குச் செய்தன்.

டி வந்தது. அந்த டியாலதான் கொழும்பில வேலை, 84இல கனடா, வீடு, பிள்ளையள் எல்லாம். அப்பு 86இல செத்தார், கொள்ளி வைக்க நான் இல்லை.

இஞ்ச சங்க டின்னரில எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுறம், அது எனக்கு உண்மையாவே சந்தோசம். ஆனா மகளுக்குக் கலியாணம் பேசேக்க எங்கட பள்ளிக்கூடத்து ஆக்களே "ஊரில எந்தக் கோயிலடி?" எண்டு கேட்டிச்சினம், சொன்னன், அதுக்குப் பிறகு போன் வரேல்லை. அது ஆரெண்டு எழுதமாட்டன்.

2003இல சண்டை நிண்டு யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை திறந்திருக்கேக்க ஊருக்குப் போய் சேரைப் பாத்தனான். கண் மங்கல், ஆனா குரலிலயே பிடிச்சிட்டார். "வாடா, உள்ள வா" எண்டு தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். 35 வருசமாக் காத்திருந்த சொல்லு. எனக்குக் கால் ஏறேல்லை. கோவம் எண்டும் சொல்ல ஏலாது, அந்தப் படியில நிண்ட பெடியன் உள்ளுக்க வரமாட்டன் எண்டு நிண்டமாதிரி இருந்தது. "வான்காரன் நிக்கிறான் சேர், நேரமில்லை" எண்டன். படலையடியில திரும்பிப் பாக்க, சேர் கதிரைச் சட்டத்தைப் பிடிச்சபடி அப்பிடியே நிண்டவர்.

வான் ஒண்டும் நிக்கேல்லை. நான் அண்டைக்கு பஸ்சிலதான் போனனான்.