6.5-இலிருந்து 7.5: என்னைக் கவிழ்த்த ‘ரன்’

நேற்று ரிசல்ட் வந்தது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்னும் ஆங்கிலத் தேர்வில், ரீடிங் 7.5. அப்பாடா. போன முறை 6.5, எனக்குத் தேவைப்பட்டதோ 7. 40-க்கு ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7 கிடைக்கும். ஆக, இரண்டு மூன்று கேள்விகளில் போயிருக்கிறது. அதில் ஒன்று எது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓர் அனுமதிச் சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கு ‘ரன்’ ஆகும் என்று பத்தியில் இருந்தது. அது ஐந்து ஆண்டு செல்லும் என்பது சரியா (‘ட்ரூ’), தவறா, பத்தியில் சொல்லவே இல்லையா (‘நாட் கிவன்’) என்பது கேள்வி. சீட்டு எப்படி ஓடும் என்று குழம்பி, ‘நாட் கிவன்’ போட்டேன். சரியான விடை ‘ட்ரூ’. மாதக்கணக்கில் பெரிய பெரிய சொற்களாக மனப்பாடம் செய்தவன், முதல் வகுப்பில் படித்த மூன்றெழுத்துச் சொல்லில் விழுந்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். தமிழிலும் ‘ஓடு’ ஒன்றும் சாதுவான சொல் இல்லை. பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, கவலையில் ஒன்றுமே ஓடவில்லை. இதில் பஸ்ஸும் படமும் ஆங்கிலத்தோடு அப்படியே ஒத்துப்போகும். சிக்கல் எங்கே என்றால், நமக்கு ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. அவர்களுக்கு இரண்டும் ‘ரன்’தான். ஒருவர் ஹோட்டலை ‘ரன்’ செய்கிறார் என்றால் நடத்துகிறார். அதனால் இப்போதெல்லாம் ‘ரன்’னைப் பார்த்ததும், பின்னால் ‘எதை?’ என்பதற்கு விடையாக ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இந்த ஒரு பழக்கம் போதும் என்பேன்.

தமிழோடு ஒட்டாதவற்றை மட்டும் தனியாக எழுதி வைத்தேன்:

- ரன் அவுட் ஆஃப்: தீர்ந்துபோவது. பால் ‘ரன் அவுட்’ என்று காதில் விழுந்ததும் மனம் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். லிஸனிங்கில் ஒரே முறைதான் ஒலிக்கும், ஜாக்கிரதை.
- ரன்னிங் லேட்: தாமதமாகிறது. யாரும் ஓடவில்லை.
- ரன் டவுன்: கட்டடம் என்றால் பாழடைந்தது, ஆள் என்றால் அசந்துபோனவர்.
- ரன் இன்டு: தற்செயலாகச் சந்திப்பது. சுவர் என்றால் மோதுவது.
- ரன்ஸ் இன் த ஃபேமிலி: பரம்பரையாக வருவது.
- த்ரீ டேஸ் ரன்னிங்: தொடர்ந்து மூன்று நாள்.
- ரன் ஃபார் பிரசிடென்ட்: நாம் தேர்தலில் நிற்கிறோம், அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள். பிரிட்டனில் நம்மைப் போல நிற்பதும் உண்டு.

அட்டை எழுதி மனப்பாடம் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. வாரத்துக்கு ஒரே சொல். எங்கே கண்ணில் பட்டாலும் அந்த வாக்கியத்தை முழுசாக எழுதிக்கொள்வேன். ‘ரன்’னுக்கு அடுத்து ‘கெட்’, ‘டேக்’, ‘செட்’. வேகமாகப் படிப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். சரி, அவர்கள் வழி அவர்களுக்கு.

ஸ்பீக்கிங்கில் பேச்சுவாக்கில் ‘ரன் அவுட் ஆஃப்’ தானாக வாயில் வந்தது. ரைட்டிங் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு முறையும் அதே 6.5.