அம்மா அறைக் கதவை மழையில் குறித்து வெயிலில் இழைத்த கதை

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா தன் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. மழைக்கு ஊதிப்போன மரக்கதவு நிலையோடு இறுகிவிட்டது, எழுபதைத் தாண்டிய கையால் அதை உள்பக்கம் இழுக்க முடியவில்லை. நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து வெளியிலிருந்து தோளால் முட்டித் தள்ளித்தான் திறந்தேன். "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய தெரஸ் வீடு. செப்டம்பர், அக்டோபர் வந்தால் இங்கே துணியே காயாது, கதவு மட்டும் காய்ந்தா இருக்கும்? இதே மாதிரி என் அறைக் கதவு இறுகியபோது, நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். கொட்டுகிற மழையில் வந்து பூட்டுப் பக்கம் முழுவதையும் இழைத்துத் தள்ளிவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார். கதவு அன்றைக்கு அழகாகச் சாத்தியது. பிப்ரவரி வெயிலில் மரம் சுருங்கியதும் பூட்டின் நாக்கு நிலையை எட்டவே இல்லை, அந்த இடைவெளி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. இழைத்த மரம் திரும்பி வராது. அதனால் அம்மா அறைக் கதவில் இழைப்புளியைக் கடைசியில்தான் தொடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் கரையான் இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்குரூ டிரைவர் பிடியால் நிலையைக் கீழிருந்து மேல்வரை தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் இடம் தெரியும், மண் கோடு ஓடியிருந்தால் கண்ணுக்கே தெரியும். நல்லவேளை, ஒன்றும் இல்லை. சுவரிலும் புது விரிசல் இல்லை. விரிசலோடு நிலையே சாய்ந்திருந்தால் அது கதவு வேலை கிடையாது, ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்புறம் எங்கே உரசுகிறது என்று பார்த்தேன். நிலையின் உள்விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் திறந்தால், உரசும் இடத்தில் எல்லாம் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது, பூட்டுப் பக்கத்து மேல் மூலையிலும், பூட்டுக்குக் கீழே தரைவரைக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிப் பார்த்தால் லேசாக ஆடியது. மேல் கீலில் மூன்று ஸ்குரூ, மூன்றும் பிடிப்பு இல்லாமல் சும்மா சுற்றின. கதவின் பாரம் முழுக்க மேல் கீலைத்தான் இழுக்கிறது, அது தளர்ந்தால் கதவு பூட்டுப் பக்கமாகத் தொங்கி, மேல் மூலை நிலையில் போய் இடிக்கும். கதவுக்கு அடியில் பழைய நாளிதழை மடித்துச் செருகி முட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றி, ஓட்டையில் மரப்பசை விட்டு, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியை இறுக்கமாகத் திணித்து மட்டமாக வெட்டினேன். பசை ஒரு ராத்திரி காயட்டும் என்று கதவை அசைக்காமல் விட்டு, மறுநாள் 2 அங்குலத் துருப்பிடிக்காத ஸ்குரூ போட்டு முடுக்கினேன். குச்சி, பசை, ஸ்குரூ எல்லாம் சேர்த்து இருபது வெள்ளிகூட ஆகவில்லை. மேல் மூலை உரசல் அதோடு நின்றது.

கீழ்ப்பாதி மட்டும் அப்படியே. அதுதான் நிஜமான ஈரம். மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீளாது, அதனால்தான் கதவு எப்போதும் பக்கவாட்டில் பிடிக்கிறது. இழைக்கக் கை துறுதுறுத்தது, ஆனால் மழை விடவில்லை. எங்கிருந்து எங்கே வரைக்கும் உரசுகிறது என்று கதவிலேயே பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்தேன். உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், தற்காலிகமாக வழுக்கும். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ராத்திரியில் அம்மா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டே படுத்தார்.

தைப்பூசம் முடிந்த வாரம் நல்ல வெயில். கோடு போட்ட இடத்தில் இடைவெளியை அளந்தால் மேலே 2 மில்லிமீட்டர், கீழே 1 கூட இல்லை. காய்ந்த காலத்தில் 3 இருந்தால் மழைக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி கதவைப் பிடித்துக்கொள்ள, முதலில் கீழ்க் கீல் ஊசியைத் தட்டி எடுத்தேன், மேல் கீல் கடைசியில். இரண்டு பேர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது, கெட்டி மரக்கதவு அவ்வளவு பாரம்.

போர்ச்சில் கதவைப் படுக்கவைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. வெறும் மரம். அடிப்பக்கம் தரை துடைத்த தண்ணீரில் ஊறி ஊறிக் கறுத்திருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் பளபளவென்று வார்னிஷ், ஈரம் உறிஞ்சும் வாயோ திறந்தே கிடக்கிறது. இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் குறுக்கே அறுத்த வெட்டுமுனையும் அந்த இரண்டு விளிம்பில்தான் வருகிறது, வெட்டுமுனை குடிக்கிற அளவுக்கு மரத்தின் வேறு எந்தப் பக்கமும் தண்ணீர் குடிக்காது. இத்தனை வருஷம் மழைமேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்பாவின் இழைப்புளி இன்னும் பெட்டியில் இருந்தது. பூட்டுக்குக் கீழே மட்டும், மர ரேகை ஓடும் திசையில், பேப்பர் மாதிரிச் சுருள் வரும்படி மெல்ல இழைத்தேன். பூட்டு இருக்கும் இடத்தைத் தொடவில்லை, தொட்டால் பூட்டுத் தகடு துருத்திக்கொள்ளும், அதற்குத் தனியாகக் குடைய வேண்டிவரும். நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை அளந்தேன். பிறகு உப்புத்தாள் போட்டு, இழைத்த இடத்தோடு மேல் விளிம்பு, அடி விளிம்பு எல்லாவற்றுக்கும் மரத்தின் துளையை அடைக்கும் சீலர் ஒரு கை, வார்னிஷ் இரண்டு கை. அடி விளிம்பு முதல் கையை அப்படியே குடித்துவிட்டது, அதனால் அங்கே மட்டும் மூன்றாவது கையும் கொடுத்தேன். ஒரு ராத்திரி அம்மா அறைக்குத் திரைச்சீலைதான் கதவு.

இந்த அக்டோபரும் மழை கொட்டுகிறது. பென்சில் கோடு இருந்த இடத்தில் 50 காசு நாணயத்தைச் செருகினேன், நுழைகிறது. அம்மா ஒரு கையில் காப்பியோடு மறு கையால் கதவைத் திறந்து வருகிறார். நேற்று முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துச் சமையலறைப் பின்கதவின் அடியைப் பார்த்தேன். அங்கேயும் வெறும் மரம்தான். வெயில் வரட்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.