கடைசி ஊசிக்கு முன்னும் பின்னும்

இனிப் பிழைக்காத நாய்க்கோ பூனைக்கோ, வேதனையில்லாமல் உயிர் பிரியச் செய்யும் கடைசி ஊசியைப் போட்டுவிடலாமா என்ற கேள்வி பல வீடுகளில் நள்ளிரவில்தான் எழுகிறது. மூச்சு இழுக்கும், எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று தெரியாது, யாருக்கும் தலை ஓடாது. இனிக் குணமாகாது என்று மருத்துவர் சொன்ன வாரத்திலேயே வீட்டில் இதைப் பேசிவிடுவது நல்லது. நாள் குறிக்கச் சொல்லவில்லை. எந்த நிலை வந்தால் இழுத்தடிக்க மாட்டோம் என்பதை நிதானமாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தானாக எழுந்து நிற்க முடியாமல் போனால், பிடித்த உணவைக்கூட இரண்டு நாள் தொடாவிட்டால், வலி மருந்து வேலை செய்யாமல் போனால். எழுதாத எல்லை நகர்ந்துகொண்டே போகும். நேற்றைவிட இன்று கொஞ்சம்தானே மோசம் என்று மனசு சமாதானம் சொல்லும்.

மதிப்பெண் போட்டுப் பார்க்கவும் வழி உண்டு. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் வகுத்த முறையில் ஏழு அம்சங்கள்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், உற்சாகம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. 10 என்றால் நல்ல நிலை. கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுவது நல்லது. தினமும் மருந்து கொடுப்பவரின் கண்ணுக்குச் சரிவு தெரியாமல் போகலாம். கூட்டுத்தொகையை மட்டும் நம்பவும் கூடாது. வலி என்ற தலைப்பில் மூச்சுத்திணறலும் அடக்கம். அதில் 1 வாங்கினால் மற்ற ஆறும் என்ன வாங்கினாலும் பயனில்லை.

மூச்சை எண்ணுவது எளிது. தூங்கும்போது விலா ஏறி இறங்கினால் ஒன்று. நாய், பூனை இரண்டுக்கும் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். இதய நோய் இருந்து இந்த எண்ணிக்கை தொடர்ந்து ஏறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிடும் பூனையை உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. குறுகி உட்காரும், நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும், முடி கற்றை கற்றையாகச் சிக்குப் பிடிக்கும்.

‘தூக்கத்திலேயே தானா போயிடும்’ என்பார்கள். போகலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. சிறுநீரகம் கைவிட்டால் வாய்ப்புண்ணும் ஓயாத குமட்டலும், இதயம் கைவிட்டால் மூச்சுமுட்டலும் பல நாள் நீடிக்கும். கையிலிருக்கும் மாத்திரையை அதிகமாகக் கொடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பாரசிட்டமால் பூனையின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும். அது மணிக்கணக்கில் திணறும்.

மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை சில. வீட்டுக்கு வருவாரா? வராவிட்டால், கூட்டம் குறைந்த கடைசி நேரம் கிடைக்குமா? கையெழுத்தையும் கட்டணத்தையும் முதலிலேயே முடித்துவிடலாமா? மருத்துவமனை என்றாலே நடுங்கும் விலங்குக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே கொடுக்க மருந்து உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் மயக்க ஊசி போடுவாரா? இதற்கு ‘தேவையில்லை’ என்று பதில் வந்தால் நான் வேறு மருத்துவரைத் தேடச் சொல்வேன். பிடித்த தின்பண்டம் கொடுக்கலாம்தான். ஆனால் சில மயக்க மருந்துகள் வாந்தியை வரவழைக்கும் என்பதால் கொஞ்சமாக இருக்கட்டும்.

அன்று நடப்பது இதுதான். மயக்க ஊசியைத் தோலுக்கடியிலோ தசையிலோ போடுவார்கள். சுரீரென்று எரியும், நாய் திரும்பிப் பார்க்கும், கத்தவும் கூடும். 5 முதல் 15 நிமிடத்தில் தலை தொங்கி, நாக்கு ஓரமாகச் சரியும். பேச வேண்டியதை, தடவ வேண்டியதை இந்த ஊசிக்கு முன்பே செய்துவிடுங்கள். பாதத் தடம் எடுக்க, ஒரு கற்றை முடி வெட்ட மயங்கிய பிறகு வசதி.

அடுத்து முன்னங்காலில் சிறிது முடியை மழித்து, ட்ரிப்ஸுக்குப் போடுவது போன்ற மெல்லிய குழாயை ரத்தநாளத்தில் செருகுவார்கள். அதன் வழியே பென்டோபார்பிடல் ஏறும். இது பழைய அறுவைசிகிச்சை மயக்க மருந்துதான், அளவு மட்டும் பல மடங்கு. சில நொடிகளில் மூளை அடங்கும், பிறகு மூச்சு, பிறகு இதயம். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டபின்தான் உறுதி சொல்வார்.

சிக்கல் வருவது பெரும்பாலும் ரத்தநாளத்தில். நீர்ச்சத்து வற்றி ரத்த அழுத்தம் விழுந்த உடலில் அது சுருங்கி ஒளிந்துகொள்ளும். ‘நரம்பு கிடைக்கலை’ என்று மருத்துவர் பின்னங்காலில் தேடினால் பயப்படாதீர்கள். அங்கும் கிடைக்காவிட்டால் வயிற்றுக்குள்ளோ, பூனையென்றால் சிறுநீரகத்திலோ போடுவார்கள். வயிற்றில் போட்டால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் எரியும். மயக்கத்தில் இருந்தால் அது தெரியாது.

இதயம் நின்ற பின்னும் ஓரிரு முறை ஆழமாக மூச்சு இழுப்பது போல நெஞ்சு எழும்பலாம். தசை துடிக்கும், சிறுநீரும் மலமும் வெளியேறும், கண் மூடாது. உயிர் திரும்புகிறதோ என்று பதறுவது இங்கேதான். அது உணர்வற்ற உடலின் அனிச்சை.

சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். அதற்குள் கால்களை மடக்கிப் படுக்கவைத்து, வாயடியிலும் வாலடியிலும் உறிஞ்சும் துணி வையுங்கள். புதைப்பதாக இருந்தால் உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மருந்து உடலில் வெகுகாலம் தங்கும். தோண்டித் தின்னும் நாயும் கழுகும்கூடச் சாகலாம். ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம், கிணறு குளத்திலிருந்து தூரம், பிளாஸ்டிக் பை கூடாது. எரிப்பதாக இருந்தால் தனியாகவா, மற்றவற்றோடு சேர்த்தா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேர்த்து எரித்தால் சாம்பல் கிடைக்காது. சாம்பல் கலசத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 36 மில்லி என்று கணக்கு. 10 கிலோ நாய்க்கு 400 மில்லி போதும்.

பிள்ளைகளிடம் ‘செத்துப்போச்சு’ என்றே சொல்லுங்கள். ‘தூங்க வெச்சுட்டோம்’ என்றால் அவர்கள் இரவில் கண்மூடப் பயப்படுவார்கள். ‘ஊருக்குப் போயிருக்கு’ என்றால் வாசலில் காத்திருப்பார்கள்.

பெரியவர்களை அரிப்பது குற்ற உணர்வு. அவசரப்பட்டுவிட்டோமோ, தாமதித்துவிட்டோமோ என்று ஒரே நாளில் இரண்டும் வரும். அப்போது நீங்கள் எழுதிவைத்த தாளையும் மதிப்பெண்களையும் எடுத்துப் படியுங்கள். நினைவு நல்ல நாட்களை மட்டும் காட்டும், தாள் கெட்ட நாட்களையும் காட்டும். ‘ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா’ என்பவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் எப்படி உள்ளே புழுங்கும் என்று, துக்கத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-லேயே எழுதிவிட்டார். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கைபேசியில் மருந்து வேளைக்கு வைத்த அலாரங்களை அன்றே அழித்துவிடுங்கள். மறுநாள் காலை அது அடிப்பதுதான் பலரை உடைத்துவிடுகிறது. மிஞ்சிய வலி மருந்தையும் இன்சுலினையும் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் இன்னொரு விலங்கு இருந்தால் உடலை மோந்து பார்க்க விடலாம். சில தேடி அலையும், சில கண்டுகொள்ளாது. சாப்பாட்டு நேரத்தையும் நடைநேரத்தையும் மாற்றாதீர்கள். துணையை இழந்த நாய் ஒரு வேளை உண்ணாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். பூனை விஷயத்தில் அப்படி இருக்க முடியாது: ஓரிரு நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். முழுதாக ஒரு நாள் தட்டைத் தொடாவிட்டால் மறுநாளே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.