இடது கண், மூக்கோரம்

ஜனவரி 2
துவாலையில் மறுபடியும் ஒரு பொட்டு ரத்தம்.

ஜனவரி 3
மூக்குக் கண்ணாடி அழுத்தியிருக்கும் என்கிறார் இவர். முதல் தடவையும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கழற்றி வைத்துவிட்டேன். பேப்பரில் தலைப்பு மட்டுமே தெரிகிறது.

ஜனவரி 5
வெயில் வந்ததும் சன்னலோரம் கைக்கண்ணாடியுடன் உட்கார்ந்தேன். தையல் தழும்பு வெள்ளையாக ஓடி, மூக்கும் இமையும் சேரும் குழியில் முடிகிறது. அங்கே கடுகளவு ஒரு மேடு. ஓரம் பளபளக்கிறது, நடுவில் பொருக்கு. உதிர்கிறது, கசிகிறது, திரும்பவும் பொருக்குக் கட்டுகிறது. மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். அதன் தாங்கி ஒரு விரற்கடை கீழே உட்காருகிறது. அந்த இடத்தில் படவே இல்லை.

ஜனவரி 6
மூடுபனி. எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 9
கோவை போய்வந்தோம். மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பழைய இடத்து விளிம்பிலேதான் வந்திருக்கிறதும்மா" என்றார். துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த 'பேசல் செல்' வகைத் தோல் புற்றுநோய் உடம்பில் வேறு இடத்துக்குப் போவது அபூர்வமாம். உட்கார்ந்த இடத்தையே அரித்துக்கொண்டு உள்ளே போகுமாம். முதுகில் வந்திருந்தால் தாராளமாகச் சுற்றி வெட்டி எறியலாம். இங்கே ஒரு பக்கம் கண்ணீர்க் குழாய், ஒரு பக்கம் எலும்பு, பின்னால் கண். தாராளம் காட்ட இடம் எங்கே?

ஜனவரி 10
நாத்தனார் வந்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை, பார்த்தாயா, எவ்வளவு கண்ணேறு என்றார். எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜனவரி 13
போகி. புகை ஆகாது என்று என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 14
வரவில்லை. பொங்கலன்று எவன் அனுப்புவான்.

ஜனவரி 17
வந்துவிட்டது. அதுவேதான்.

ஜனவரி 18
மகன் தொலைபேசியில் விசாரணை நடத்தினான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடுமாம், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டராம், தொப்பி போட்டீர்களா அம்மா? பள்ளி மைதானத்தில் காலை வழிபாட்டுக்குக் கிழக்கே பார்த்து நின்றே தலை நரைத்தவள் நான். எந்த டீச்சர் தொப்பி போட்டாள்?

இந்த முறை வெட்டிய துண்டை அங்கேயே உறைய வைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, விளிம்பில் மிச்சம் இல்லை என்றால்தான் தைப்பார்களாம். இருந்தால் இன்னும் ஒரு படலம் எடுப்பார்கள். படலம் படலமாக எடுத்துப் பார்க்கும் வழியை 1930களிலேயே மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிவிட்டாராம். அப்படியானால் போன தடவை எனக்கு ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். மகன் பேச்சை மாற்றினான். கேள்வியை நான் மாற்றப் போவதில்லை.

ஜனவரி 19
தூக்கமில்லை. கண் போய்விடுமா என்று ஒருவரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நான் கேட்டால் மருமகள் காபி போடப் போய்விடுகிறாள். இன்று நாலு காபி.

ஜனவரி 20
புதன்கிழமை அறுவை. மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வரவேண்டுமாம். வலது மூக்கில்தானே இருக்கிறது என்றேன். உடம்பில் எங்கேயும் உலோகம் கூடாதாம். கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கழற்றியதே இல்லை. இவர் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தார். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். மருமகள் சோப்புத் தண்ணீர் என்கிறாள். ஆசாரி நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பஸ் ஒன்பதரைக்கு.