ஐரோப்பாவைத் தாங்கிப் பிடிக்கவா கிறிஸ்து வந்தார்?

கடவுள் இல்லை என்று பல காலம் வாதாடி வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ரிச்சர்டு டாக்கின்ஸ், 2024 ஈஸ்டர் சமயத்தில் தன்னைப் ‘பண்பாட்டளவில் கிறிஸ்தவன்’ என்று சொன்னார். விசுவாசம் கிடையாது, ஆனால் ஞானப்பாட்டும் கிறிஸ்மஸ் பாட்டும் பிடிக்கும் என்றார். அதற்கு முந்தைய நவம்பரில், சோமாலியாவில் பிறந்து இஸ்லாத்தை விட்டு நாத்திகரான அயான் ஹிர்சி அலி, தான் கிறிஸ்தவராகிவிட்டதாக எழுதினார். மேற்கத்திய நாகரிகத்தைக் காப்பாற்ற அந்த மதம் வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியமான காரணம்.

இதையெல்லாம் நான் கவனித்துப் படிக்க ஆரம்பித்தது என் சின்ன மகளால்தான். அவள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் நர்ஸ். தரங்கம்பாடி, பொறையாறு லுத்தரன்களுக்கு, அதாவது மார்ட்டின் லுத்தர் வழி வந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான எங்களுக்கு, ஹாலே தாய்வீடு மாதிரி. 1706 ஜூலை 9 அன்று எங்கள் கரையில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்கே படித்தவர். மறு வருஷமே தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அவர் இங்கே தமிழில் அச்சடித்த புதிய ஏற்பாட்டை வாசித்துத்தான் எங்கள் முன்னோர் கிறிஸ்தவர்களானார்கள். இன்றைக்கு அதே ஹாலே, ஜெர்மனியிலேயே மத நம்பிக்கை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் பாட்டிகள் சிலர், அவர்களுக்குப் பின்னால் இவள்.

அங்கே போய் ஊர்ப்பதிவு செய்தபோது மதம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், இவள் லுத்தரன் என்று எழுதிக் கொடுத்தாள். மாதா மாதம் வருமான வரியோடு, அதில் 9 சதவீதம் சபை வரியாகவும் பிடிக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர், “எதற்கு வீணாகக் கட்டுகிறாய்? நான் எப்போதோ விலகிவிட்டேன்” என்றாராம். அதே ஆள் இன்னொரு நாள் காபி குடிக்கும்போது, “கிறிஸ்தவம் போய்விட்டால் ஐரோப்பா ஐரோப்பாவாக இருக்காது” என்று வருத்தப்பட்டிருக்கிறார். மகள் என்னிடம் கேட்டாள்: “அவர் சொல்றது சரியாம்மா?”

அவர் வருத்தம் பொய்யில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 46.2 சதவீதம்தான், பாதிக்கும் கீழே. ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்ற எண்ணம் அங்கே ஊன்றியதில் சுவிசேஷத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு மதத்தைப் பண்பாட்டைக் காப்பதற்காக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இந்தக் காவிரிக் கரையிலேயே பார்த்துவிட்டோம். அது எங்களிடம் காத்தது சாதியை.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடவே கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் ஞானஸ்நானம் பெற்று, வேதம் வாசித்து, உருகி உருகிப் பாடியவர்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை இல்லாமல் எங்கள் வீட்டில் ஜெபம் நடந்ததில்லை. அவரே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது. அந்தத் தரப்பின் வாதம் என்ன? இது மதமில்லை, நாட்டு வழக்கம். இதில் சபை தலையிடக் கூடாது என்பதுதான்.

என் அம்மா வாழ்க்கைப்பட்டுப் போன கிராமத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு செங்கல் சுவர் உண்டு. இடுப்பு உயரம்கூட இருக்காது. சுண்ணாம்பு உதிர்ந்து, சில இடங்களில் கல் பெயர்ந்து, ஆடு தாண்டிப் போகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிலுவை, ஒரே வசனம், ‘கர்த்தருக்குள் நித்திரை’. ஆனால் இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கம் புதைக்க மாட்டார்கள். திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தில் வாய் வைப்பது என்பதற்கும் அங்கே ஒரு வரிசை இருந்தது என்று அம்மா சொல்வாள். பிறகு குரலைத் தணித்து, நம்ம ஆட்கள் கடைசி என்பாள்.

ஐரோப்பாக்காரர்களுக்கும் இதே பாடம் இருக்கிறது. 1930-களில் ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்று ஒரு இயக்கம், ஜெர்மன் இனம், ஜெர்மன் பண்பாடு, இயேசு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து, யூத வேரை வெட்டிப் போடப் பார்த்தது. அவர்களும் பண்பாட்டைக் காக்கத்தான் கிளம்பினார்கள். அவர்களை எதிர்த்த போன்ஹோஃபர் என்ற லுத்தரன் போதகரை 1945 ஏப்ரலில் நாஜிகள் தூக்கிலிட்டார்கள். அமெரிக்காவில் 1845-இல், அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் தென்மாநில பாப்டிஸ்டு சபையினர் தனியாகப் பிரிந்தே போனார்கள்.

தரங்கம்பாடிக் கதையிலும் ஒரே மதம் இரண்டு பக்கமும் நின்றது. அன்று தரங்கம்பாடி டென்மார்க்காரர் கையில் இருந்தது. சீகன்பால்கை அனுப்பியவர் டென்மார்க் ராஜா. அவரைப் பிடித்து அடைத்ததும் டென்மார்க் தளபதிதான். கடன் வழக்கில் சிக்கிய ஒரு தமிழ் விதவைக்காகப் பரிந்து பேசப் போனார், அது தளபதி ஹாசியுஸுக்குப் பொறுக்கவில்லை, 1708 கடைசியில் பிடித்து நாலு மாதம் போல உள்ளே வைத்தார்கள். இரண்டு பேருமே ஐரோப்பியர், இரண்டு பேருமே கிறிஸ்தவர். கடற்கரையில் டேனிஷ் கோட்டையை வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதனால் மகளுக்கு நான் சொன்ன பதில் இது. மேற்கைக் காப்பதற்குக் கிறிஸ்தவம் வேண்டும் என்கிறவர்கள், மேற்கைக் கண்டிக்க அதற்கு இடம் கொடுப்பார்களா? கொடுத்தால் அது அவர்களுக்கு விலைமதிக்க முடியாதது. வில்சன் உத்தரவு எங்களுக்குக் கசந்தது போலக் கசக்கத்தான் செய்யும். பாட்டும் கோபுரமும் மட்டும் போதும் என்றால் மிஞ்சுவது சுவர்தான். அப்புறம் இன்னொன்று: இந்த மார்க்கம் மேற்கில் பிறந்ததுமில்லை, அது மேற்கின் சொத்துமில்லை. அங்கே கோயில் பூட்டிக் கிடந்தாலும் இங்கே அறுப்புப் பண்டிகை நடக்கும். நெல் மூட்டை, பூசணி, வாழைத்தார், கால் கட்டிய கோழி என்று பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிந்து ஏலம் விட்டால் பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்கள்தான் போட்டி போட்டுக் கேட்பார்கள்.

அடுத்த பண்டிகைக்கு மகள் வருகிறாள். அந்த ஜெர்மன் நண்பரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். சீகன்பால்க் தரங்கம்பாடியில் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைக் காட்டுவேன், ஏலத்தையும் காட்டுவேன். மறுநாள் அம்மா ஊருக்குக் கூட்டிப் போய் அந்தச் சுவரையும் காட்டிவிட்டு, உங்கள் ஊரில் இது எங்கே இருக்கிறது என்று கேட்கப் போகிறேன்.