கிராஃபைட் ஃபெல்ட் சுடப் போகிறவர்கள் கவனத்துக்கு

காற்றில் 400 டிகிரி, 30 மணி நேரம். வனேடியம் கரைசலில் மின்சாரத்தைச் சேமிக்கும் ஃப்ளோ பேட்டரியில் மின்முனையாக வைக்கிற கார்பன் நார் விரிப்புதான் இந்த ஃபெல்ட். அதற்கு 1992-ல் சுன், ஸ்கைலாஸ்-கசாகோஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதி வைத்த பக்குவம் இது. எனர்ஜி எஃபிஷியன்சி (சார்ஜில் போட்ட ஆற்றலில் டிஸ்சார்ஜில் திரும்பி வரும் பங்கு) 78-லிருந்து 88 சதவீதத்துக்கு ஏறியதாகக் காட்டினார்கள். அந்த 30 மணிக்குள் ஒரு ராத்திரி வந்துவிடும் என்பதுதான் எங்கள் ஆபீசுக்குப் பிரச்சினை.

ராத்திரியில் ஃபர்னஸ் ஓட அனுமதி வேண்டும். கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் சட்டென்று கிடைத்தன. சீல் போடுகிறவர் மட்டும், "தீயணைப்பு சிலிண்டர் சர்வீஸ் பண்ண ரசீது நகல் எங்கேம்மா?" என்றார். அசல் அவர் பீரோவிலேயே இருக்கிறது. எடுத்துத் தரமாட்டாராம், நான் எழுதிக் கேட்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அவர் லீவில் போய்விட்டார்.

ஒருவழியாகச் சுட்டு எடுத்தால், ஃபெல்ட்டின் ஒரு ஓரம் விரலில் கரியாக உதிர்கிறது. டிஸ்பிளேயில் 400 தான் நின்றது. ஆனால் சென்சார் இருப்பது பின்சுவரில்; சூடேற்றும் காயில் பக்கம் எவ்வளவு ஏறியதோ! ரிப்பேருக்கு வந்தவர் அதைச் சரிபார்க்காமலே பில் போட்டிருக்கிறார். கார்பன் காற்றில் எரியும் சரக்கு, கொஞ்சம் கூடினாலும் நார் மேல் ஆக்சிஜன் தொகுதிகள் (நனையவும் வினை நடக்கவும் உதவுகிறவை; சுடுவதே இவற்றுக்காகத்தான்) வருவதற்குப் பதில் நாரே போய்விடும். தனியாக ஒரு கே-டைப் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஃபெல்ட்டை ஒட்டி வையுங்கள். காயிலிலிருந்து தள்ளி, அடியிலும் காற்று போகும்படி வையுங்கள். முன்னும் பின்னும் எடை போடாமல் விடாதீர்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் விட்டு மேற்பரப்பில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும்) முறைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சுடாத ஃபெல்ட்டில் அது முத்தாக உருண்டு நிற்கும், தட்டினால் ஓடிவிடும். சுட்டதில் விழுந்த இடமே தெரியாது. அடுத்த தடவை அப்படித்தான் உறிஞ்சியது. பக்கத்து லேப்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்!

ஆனால் நனைவது வேறு, வினை வேகம் வேறு. செல்லில் மாட்டி ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். அதே கரண்ட்டில் சார்ஜ் வோல்டேஜ் இறங்கி, டிஸ்சார்ஜ் வோல்டேஜ் ஏறியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் நடந்தது. நெகட்டிவ் பக்கத்துக் கரைசல் டாங்கில் நைட்ரஜன் விட மறக்காதீர்கள். காற்றுப் பட்டால் ஊதா நிற வனேடியம் பச்சைக்குத் திரும்பிவிடும், பழி ஃபெல்ட் மேல் விழும்.